மலையூரில் வெட்டிய பதினொரு நூல்

சென்ற வருடம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பூர் நெருப்பெரிச்சலில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியிலிருந்து எங்களை ஒரு நாள் டூர் கூட்டிப் போனார்கள். ஊட்டிக்குப் போய்ப் போய் எல்லோருக்கும் சலித்துவிட்டதால், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ரோட்டில் ஏறி, ஒரு சின்ன மலையூருக்குப் போவதென்று முடிவானது. அங்கே பழைய காலத்து இடங்கள் நிறைய இருப்பதாகச் சூப்பர்வைசர் பையன் போனில் தேடிச் சொன்னான். பழைய கட்டடத்தைப் பார்க்கவா பஸ் ஏறுவார்கள் என்று பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. இந்த அறுபத்தாறு வயதில் நான் ஏறிய மலைகள் சென்னிமலையும் பழனியும்தான். சாமி இல்லாத மலையில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாமே.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்கு விளங்காது. கம்பெனியில் நான் செக்கிங். தைத்து முடித்த பனியன் என் மேஜைக்கு வரும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவேன். நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் சின்னக் கத்திரியால் ஒட்ட வெட்டுவேன். முப்பது வருடமாக இதே வேலை. நான் பார்த்த பீஸை இன்னொருவர் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று கம்பெனியில் சொல்வார்கள். அவர்கள் சொல்ல மறந்தால் நானே சொல்லிவிடுவேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சட்டையில் நூல் தொங்கினால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் காலரில் தொங்கிய நூலை, தாலி கட்டுவதற்குள் மணவறை ஏறி வெட்டிவிட்டு வந்தவள் நான். கத்திரி எப்போதும் இடுப்புச் சுருக்குப் பையில் இருக்கும். டூருக்கும் வந்தது.

விடியற்காலையில் கிளம்பினோம். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர்கள் ஒரு தமிழ்ப் பாட்டுக் கேட்க, பின்சீட்டு வடக்கத்திப் பிள்ளைகள் ஒரு இந்திப் பாட்டுக் கேட்க, மாறி மாறிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வளைவுகள் ஆரம்பித்ததும் இரண்டு பக்கமும் சத்தம் அடங்கி, எல்லோரும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே சமவெளியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கள் ஊர் அந்தப் புகைமூட்டத்துக்குள் எங்கேயோ இருந்தது.

முதலில் ஒரு பழைய கல் சர்ச்சுக்குப் போனோம். பக்கத்திலேயே வெள்ளைக்காரர்களின் கல்லறைகள். பாசி படிந்த ஒரு சின்னக் கல்லில் இருந்த எழுத்தைச் சூப்பர்வைசர் பையன் படித்து, "ஏழு மாசக் கொழந்தையாமுங்கம்மா" என்றான். கடல் தாண்டி வந்து பெற்ற குழந்தையை இந்தக் குளிரில் புதைத்துவிட்டுப் போயிருக்கிறாள் ஒரு தாய். என் தலையில் இருந்த மல்லிகையில் கொஞ்சம் கிள்ளி அந்தக் கல்லின் மேல் வைத்தேன். அப்புறம் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில், மூன்று பக்கமும் பலகைக்கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைப் போட்டு மூடிய இடம் ஒன்றைக் காட்டினார்கள். ராஜாக்கள் காலத்துக்கும் முந்தியது என்றார்கள். அதற்குள்ளேயும் யாரோ செம்பருத்தி வைத்திருந்தார்கள். எத்தனை தலைமுறை ஆனாலும் பூ வைக்க ஒருத்தர் இருக்கிறாரே என்று மனசுக்கு நிறைவாக இருந்தது.

மூன்றாவதாகத்தான் அந்தப் பங்களா. அந்த மலையில் முதன்முதலில் வீடு கட்டிய வெள்ளைக்காரர்களில் ஒருவர் கட்டியதாம். சுவர் ஒவ்வொன்றும் ஒரு ஆள் படுத்துத் தூங்கும் அகலம். இப்போது அதை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பழைய போட்டோக்கள், விளக்குகள், மலைவாசிகள் புழங்கிய மூங்கில் பாத்திரங்கள். பார்த்துக்கொள்கிறவர் ஐம்பது வயதுக்காரர், ஸ்வெட்டரும் மப்ளருமாக இருந்தார். ஒவ்வொன்றையும் சொந்த வீட்டுப் பொருள்போல எடுத்துச் சொன்னார்.

கீழறையில் ஒரு மேஜை மேல், தோடர் பெண்கள் கையால் பூவேலை செய்யும் வெள்ளைப் போர்வை ஒன்றை விரித்து வைத்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததை அன்றைக்குத்தான் வெளியே எடுத்ததாகச் சொன்னார். மேற்கொண்டும் ஏதோ சொன்னார். என் கண் துணிமேல் போய்விட்டதால் காதில் விழவில்லை. சிவப்பும் கறுப்புமாகக் கம்பளி நூலில் பட்டை பட்டையாகப் பூ. என்ன நேர்த்தி! ஆனால் பூவின் ஓரமெல்லாம் நூல் சின்னச் சின்ன வளையமாக எழும்பி நின்றது.

மற்றவர்களை மாடிக்குக் கூட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். முழங்கால் வலிக்கு நான் கீழேயே நின்றேன். போர்வையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் வழவழவென்று மட்டமாக இருந்தது. அட, உள்பக்கத்தை மேலே போட்டு வைத்திருக்கிறாரே இந்த மனுஷன் என்று நினைத்தேன். உள்பக்கமாக இருந்தாலும் பிசிறை விடக்கூடாது என்பது எங்கள் கம்பெனிச் சட்டம். சுருக்குப் பையில் கை போனது. அந்த வேலையில் என் கை யோசனை கேட்பதில்லை. ஓரத்தில் ஒரு வரிசையை நறுக் நறுக்கென்று ஒட்ட வெட்டினேன். வெட்டிய துண்டுகளைத் துணிமேல் உதிர விடாமல் முந்தானையில் முடிந்துகொண்டேன். அதுவும் பழக்கம்தான்.

அவர் மாடியிலிருந்து இறங்கி வந்ததும் நானே பெருமையாகச் சொன்னேன்.

"ஏனுங்க, இத்தன நல்ல போர்வைய இப்பிடிப் பிசிறோட போட்டு வெச்சிருக்கறீங்களே. ஒரு ஓரத்தச் சுத்தம் பண்ணி உட்ருக்கறனுங்க. மிச்சத்தையும் வேணும்னா வெட்டித் தாரேன்."

அவர் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். அப்படியே பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, அது பிசிறு இல்லம்மா. அதுதான் வேலைப்பாடே. தைக்கிறப்பவே வேணும்னு அப்படி எழுப்பி விடுவாங்க. இதுதான் மேல்பக்கம்."

நான் விடவில்லை. "முப்பது வருசமாத் துணி பாக்கறனுங்க. இப்பிடி நூலு நீட்டிட்டு இருந்தா துணி வாங்க வர்ற எந்த பையரும் எடுக்க மாட்டான்" என்றேன்.

"யார் விக்கப் போறாங்க?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சத்தமே வராமல் சொன்னார். அப்போதுதான் கத்திரியைத் திரும்பச் சுருக்குப் பைக்குள் போட்டேன்.

அது அருங்காட்சியகத்துப் போர்வை இல்லையாம். மேலே உள்ள தோடர் குடியிருப்பில் ஒரு அம்மாவுடையதாம். அவருடைய மாமியார் கையால் தைத்தது. இவர் மூன்று வருடம் கெஞ்சிக் கேட்டு, ஒரு ஆறு மாதம் ஜனங்கள் பார்க்கட்டும் என்று வாங்கி வைத்திருக்கிறார். கொடுத்தது போலவே திருப்பித் தருகிறேன் என்று அந்த அம்மா வீட்டில் போய் நின்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் அந்த வீட்டில் கல்யாணச் சடங்காம். அதற்குப் போர்த்துவதற்காக அன்றைக்கு நாலு மணிக்கு வாங்கிப் போக அந்த அம்மா வருகிறாராம்.

"இனி எந்த வீட்லயும் எனக்கு ஒரு சாமான் தர மாட்டாங்கம்மா" என்றார். "எத்தனை வெட்டினீங்க?"

"நாலஞ்சு இருக்கும்" என்றேன். வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

அதற்குள் சூப்பர்வைசர் பையன் ஓடி வந்தான். பனி இறங்குவதற்குள் வளைவுகளைத் தாண்ட வேண்டும், மூன்று மணிக்கு பஸ் எடுக்க வேண்டும் என்றான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வயசானவங்க தெரியாமச் செஞ்சுட்டாங்க சார், மன்னிச்சு உட்ருங்க" என்று அவரிடம் சொல்லி என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். வயசானவங்களாம். பார்வை மங்கிப்போய்ச் செய்த மாதிரி! அந்தச் சொல்லுக்கு மட்டும் எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போய் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் என் நாத்தனார் இருந்தாள். அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். அண்ணன் பெண்சாதியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவார்கள். அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்.

"உடு நங்கை. அந்தம்மாளுக்கு உன்னையத் தெரியுமா, என்னையத் தெரியுமா? அந்த ஆளு என்னமோ சொல்லிச் சமாளிச்சுக்குவாரு. பேச்சு வந்தா அவரு தலைல போயிரும். நீ ஏன் மொகத்த இப்பிடி வெச்சுட்டிருக்கற?"

அவர் தலையில் போய்விடும். அந்த வார்த்தைதான் முள்ளாகக் குத்தியது. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு பனியன் கட்டின் மேலும் தைத்தவர் நம்பர் இருக்கும். தன் குறை பீஸை இன்னொருத்தர் கட்டுக்குள் செருகிவிட்ட பெண்களை நான் எத்தனை பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறேன்! ஒருத்தி அழுதுகொண்டே வேலையை விட்டுப் போனாள். அன்றைக்கு எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கு என் குறையை அந்த மப்ளர்க்காரர் கட்டுக்குள் செருகிவிட்டு நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணினேன். சிவப்பு எட்டு, கறுப்பு மூன்று.

எழுந்துவிட்டேன்.

"நீங்க போங்க கண்ணு, நான் கவர்மெண்டு பஸ்ல வந்துக்கறேன்" என்று சூப்பர்வைசர் பையனிடம் சொன்னேன். அவன் பதறினான். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கண்ணன் எப்பிடித்தான் இவகூடக் குடும்பம் நடத்துனாரோ" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு அவளும் இறங்கினாள். பஸ் போய்விட்டது.

திரும்பிப் போனபோது அந்த மனிதர் போர்வையை, நான் வெட்டிய ஓரம் உள்ளே போகிற மாதிரி மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. "நானே சொல்றனுங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்" என்றேன். அவர் ஸ்டூலை என் பக்கம் நகர்த்திப் போட்டார்.

நாலு மணிக்குச் சரியாக அந்த அம்மா வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். முடி சுருள் சுருளாகத் தோளில் தொங்கியது. அதே மாதிரிப் போர்வை போர்த்தியிருந்தார், அதிலும் நூல் வளையம் வளையமாக நின்றது. காலையிலேயே இவரைப் பார்த்திருந்தால் கத்திரியை வெளியே எடுத்திருக்க மாட்டேன். வேலையில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். முதலில் முந்தானை முடிச்சை அவிழ்த்து நூல் துண்டுகளை மேஜையில் வைத்தேன்.

"பிசிறுன்னு நெனச்சு வெட்டிப்போட்டனுங்க. பதினொண்ணு. இவருகிட்ட நாலஞ்சுன்னு பொய் சொல்லிட்டனுங்க. இவரு மேல தப்பில்லீங்க, நாந்தானுங்க."

அந்த அம்மா போர்வையை விரித்தார். பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே போனார். ஒவ்வொரு வெட்டிலும் விரல் நின்றது. பதினோராவதில் நின்ற விரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அப்புறம் என் கையைப் பிடித்து, ஆட்காட்டி விரலில் கத்திரி வளையம் அழுத்திக் காய்த்துப்போன இடத்தைத் தடவினார்.

"தையல் வேலையா?" என்று தமிழில் கேட்டார்.

"பிசிறு வெட்டற வேலைங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா வெட்டுறீங்க. துணிய ஒரு எடத்துலகூடத் தொடல" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என் நாத்தனார் சும்மா இருக்காமல், "அதுல மட்டும் எங்க நங்கைய ஒரு கொறை சொல்ல முடியாதுங்க" என்று எடுத்துக்கொடுத்தாள். அந்த மப்ளர்க்காரரே திரும்பிக்கொண்டு சிரித்தார்.

இப்படியே விட்டால் வெட்டிய இடத்திலிருந்து பூ கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும் என்றார் அந்த அம்மா. எங்கே போனாலும் கைவேலையைக் கூடவே எடுத்துப் போகிறவராம். பையிலிருந்து ஊசியும் கம்பளி நூலும் எடுத்தார். துணியில் கோடு கிடையாது, அச்சுக் கிடையாது. அடித்துணியின் இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். "கண்ணு முன்ன மாதிரி இல்ல. நீங்க எண்ணிச் சொல்லுங்க" என்றார்.

படிப்பில் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். எண்ணுவதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று உட்கார்ந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இழை இழையாக எண்ணி விரலை வைப்பேன். அவர் ஊசியை இறக்குவார். இரண்டாவது பூவிலேயே, "இல்ல, ஒண்ணு தாண்டிட்டீங்க" என்றார். நான் இல்லை என்றேன். திரும்ப எண்ணினேன். தாண்டித்தான் இருந்தேன். கண்ணால் நான் விட்ட இழையை அவர் விரல் கண்டுபிடித்துவிட்டது. அதற்கப்புறம் நான் வாயை மூடிக்கொண்டு எண்ணினேன். ஒவ்வொரு வரிசை முடிவிலும் அவர் நூலை இழுத்து இறுக்காமல், கொஞ்சம் தளர்த்தி விரல் நுனியில் வளையமாக எழுப்பி விடுவார். நான் வெட்டி எறிந்தது எத்தனை பக்குவத்தில் நின்றது என்று அப்போதுதான் தெரிந்தது.

"துணி கீழ உங்க ஊருப் பக்கமிருந்துதான் வருது. நூலும் கடை நூலுதான். இது ஒண்ணுதான் எங்களது" என்றார், ஒரு வளையத்தை எழுப்பி விட்டுக்கொண்டே.

மாமியார் எப்படி என்று கேட்டேன். "இருந்திருந்தா உங்களத் திட்டியிருப்பாங்க. என்னைய தெனமும் திட்டுவாங்க, நூல இழுத்துப் புடிக்கிறேன்னு" என்றார். அதன்பின் இரண்டு பேருக்கும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. மாமியார்கள் மலையிலும் சமவெளியிலும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கிறார்கள். மப்ளர்க்காரர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, விளக்கைப் பக்கத்தில் நகர்த்திவிட்டுப் போனார். என் நாத்தனார் மூலையில் உட்கார்ந்து குறட்டை விட்டாள்.

ஒன்பது வளையம் முடிந்தபோது எங்களுக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இரண்டு பாக்கி. நான் நாளைக்கு வருகிறேன் என்றேன்.

"வேணாம். இந்த ரெண்டையும் பக்கத்துத் தையல் புடிச்சிருக்கு, கழலாது. இப்படியே இருக்கட்டும்" என்று மடித்தார். "சடங்குல எல்லாரும் கேப்பாங்க, இது என்ன மொட்டையா இருக்குன்னு. எங்களுக்கும் சொல்லிச் சிரிக்க ஒரு கதை வேணுமில்ல?"

மப்ளர்க்காரரைப் பார்த்து, "சடங்கு முடிஞ்சதும் கொண்டாந்து தாரேன். ஆனா மேசை மேல போட்டுட்டு மாடிக்குப் போகக் கூடாது" என்றார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். என்னையும் பார்த்து லேசாகத் தலையசைத்தார். மூன்று மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த முகம் இல்லை அது.

இறங்கும்போது வளைவுகளில் பனி மூடிவிட்டது. நாத்தனார் மேட்டுப்பாளையம் வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு அது தாலாட்டு மாதிரி இருந்தது.

இன்றும் அதே மேஜையில்தான் நிற்கிறேன். வேகம் குறையவில்லை. ஆனால் புது டிசைனில் ஏதாவது நூல் நீட்டிக்கொண்டு வந்தால், இது எதற்காக இங்கே நிற்கிறது என்று முதலில் தைத்தவளைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். குறை பீஸ் வந்தாலும் நாலு பேர் முன்னால் நிற்க வைப்பதில்லை. என்ன நங்கை, மலைக்குப் போய் மாறிவிட்டாயா என்று நாத்தனார் கேலி பண்ணுகிறாள்.

என் வேலையைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்று முப்பது வருடம் விறைப்பாக நின்றவள் நான். இப்போது அந்த மலைமேல் ஏதோ ஒரு வீட்டில், நல்ல நாள் தவறாமல் அந்தப் போர்வையை விரித்து, சமவெளியிலிருந்து வந்து மொட்டையடித்துவிட்டுப் போன ஒரு கத்திரிக்காரியை நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இல்லை. நமக்கும் அங்கே ஒரு சொந்தக்காரர் வீடு இருப்பது போலத்தான் இருக்கிறது.